முதல் ஞாயிறு சாட்சி

ஊரிகம்,
4 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் அன்பான என் மகள் சுமாவுக்கு, அப்பா யேசுதாஸின் ஸ்தோத்திரம்.

அம்மாவும் நானும் சுகம். நீ அம்மாவோடு போனில் பேசும்போது ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, கதவோரம் நின்று உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். என் நம்பரைப் பார்த்தால்தான் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குழந்தை நிலைக்கவில்லை என்று மாப்பிள்ளை ரூபேஷ் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை. "மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்கப்பா" என்று நீ சொல்லத்தான் சொன்னாய். ஆனால் போன மாதம் முதல் ஞாயிறு, சபையில் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை, சொல்லிவிட்டேன். என்னை உனக்குத் தெரியாதா? தங்கச் சுரங்கத்தை மூடி வேலை போன மாதமே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னவன் நான். பெங்களூர் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததற்கே சாட்சி சொன்னவன். பேரப்பிள்ளை வருவதை எப்படி விழுங்குவது?

"தவளை தன் வாயால கெடும்" என்கிறாள் அம்மா. சந்தோஷத்தில் செய்துவிட்டேன், கண்ணு. கோபத்தை விட்டுவிடு.

உன் அப்பா,
யேசுதாஸ்


ஓசூர்,
12 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

சந்தோஷத்தில் செய்தீர்கள் என்று எனக்கும் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து படுத்திருந்தேன். தங்கம்மா ஆன்ட்டி போன் செய்தார். "இன்னாம்மா, வாய்க்கு மாங்கா கேக்குதா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. உங்கள் சாட்சியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர். "ஆமாம் ஆன்ட்டி" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்த பிறகு இன்னும் எத்தனையோ பேர். ஜெபத்தில் என்ன குறை வைத்தாய் என்றுகூட ஒருவர் கேட்டார்.

என் குழந்தை வந்ததை நீங்கள் ஊருக்குச் சொன்னீர்கள். அது போனதை நான் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டி வந்தது.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நான் ஜெபம் செய்வதை விட்டுவிட்டேன். முழங்கால் போட்டால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இதையாவது சபையில் சொல்லாமல் இருங்கள்.

சுமா


ஊரிகம்,
3 மார்ச் 2025

என் கண்ணு சுமாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மா கேட்டாள், காட்டவில்லை.

நேற்று முதல் ஞாயிறு. "என் மகளுக்குத் தப்பு செய்துவிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் அறிக்கையிடத் தயாராகத்தான் போனேன். சாட்சி சொல்கிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் பாஸ்டர். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ராஜேந்திரன், "இன்னா யேசுதாசு, இன்னிக்கு லீவா?" என்று முதுகில் தட்டினான். பாதி எழுந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. இதுவும் உன் விஷயம்தானே? உன்னைக் கேட்டேனா? மன்னிப்பு என்ற பேரில் இன்னொரு தடவை உன்னை ஊர் வாயில் போடப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். பூமிக்குக் கீழே இரண்டாயிரம் அடியில் ஷிப்ட் பார்த்தவன் நான். அந்த ஐந்து நிமிஷம் போல எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை.

நான் செய்தது தப்பு, சுமா. சந்தோஷம், அது இது என்று இனிச் சாக்குச் சொல்ல மாட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஜெபம் வராவிட்டால் இழுத்துப் பிடிக்காதே. எனக்கும் கர்த்தர்மேல் கோபம்தான். கொல்லைப்புறத்தில் நின்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். சுரங்கத்துக்காரன் பேச்சு அவருக்குப் புதிதா என்ன! ஆனாலும் அவரை விட்டால் எனக்குச் சண்டை போடவும் வேறு ஆள் இல்லை. தினமும் காலையில் உன் பெயரை அவரிடம் சொல்கிறேன். பிள்ளை கொடும் என்று கேட்பதில்லை. சுமா என்கிறேன், அவ்வளவுதான். அதுவும் வேண்டாம் என்றால் எழுது, நிறுத்திவிடுகிறேன்.

அப்பா


ஓசூர்,
14 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

என் பெயரைச் சொல்லுங்கள். நிறுத்த வேண்டாம்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அம்மா போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து ரூபேஷை விட்டு விசாரித்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாததெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

நேற்று குக்கரை ஏற்றிவிட்டு நின்றபோது "ஆண்டவரே" என்று வாயில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் ஆறாம் தேதி, முதல் ஞாயிறு, நாங்கள் இருவரும் ஊரிகம் வருகிறோம். எனக்கு ஒரு பிள்ளை இருந்தது, பத்து வாரம் இருந்தது என்று நானே எழுந்து சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அங்கே போனால் தைரியம் வருமோ என்னவோ. அன்றைக்கு நீங்கள் ஆண்கள் பக்கம் போகாதீர்கள். பெண்கள் பக்கம் என்னோடு உட்காருங்கள். யார் என்ன சொன்னாலும் சரி. நான் எழுந்தால் நீங்களும் எழுந்திருங்கள். ஒன்றும் பேச வேண்டாம் அப்பா, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
சுமா