எச்சில் பட்ட ஊதுவாய்

1938, தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு

எங்கள் பேண்டு செட்டின் கார்னெட் குழல்களுக்குச் சென்னையிலிருந்து, முனையில் செருகி ஊதுகிற இரண்டு ஊதுவாய்கள் வந்தன. ஒன்று அகலம், ஒன்று குறுகல். மாஸ்டர் அவற்றை முதலில் ஆறுமுகத்திடம் நீட்டினார். நேற்று வந்து சேர்ந்த பயல். இத்தனை வருஷமாக ஊதுகிற நான் பக்கத்திலேதான் நின்றேன். அவன் கை அகலமானதை நோக்கிப் போனது. நான் முந்தி எடுத்து வாயில் வைத்துவிட்டேன். எச்சில் பட்டதை இனி எவன் கேட்பான்?

ஊதிய பிறகுதான் தெரிந்தது, என் மெல்லிய உதட்டுக்கு அது சேரவில்லை. காற்றெல்லாம் ஓரமாகப் போகிறது. அவனோ அந்தக் குறுகலிலேயே குழைந்து குழைந்து ஊதினான். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். என் வாசிப்புக்கு அவர் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.

எல்லாரும் போன பிறகு ஆறுமுகம் மெதுவாக வந்தான்.

"ஏனுங்கண்ணா, அது உங்களுக்கு அமையலீங்களா? மாத்திக்கலாமுங்க. புளி போட்டு வெளக்குனா எச்சலெல்லாம் போயிருமுங்க."

"எனக்கு இதுதான் சாமி அமஞ்சிருக்குது" என்றேன்.

நாளை ஓமலூரில் கல்யாண ஊர்வலம். உதடு இப்போதே வீங்கிவிட்டது. அவன் இதை மாஸ்டர் காதுபடக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.