மூடியின் மேல் நின்ற கயலுக்கு

சாந்தோம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கயலுக்கு,

நைனா தங்கவேல் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அந்த ஊர்ச் சாப்பாடு உனக்குப் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர் வேலை என்று நீ கிளம்பியபோது நான் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. இருபது வருஷம் மயிலாப்பூர் சாக்கடையில் இறங்கியவனின் மகளும் அதே நாற்றத்துக்கா போகணும் என்று கோபம். அங்கே என்னதான் வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம் நீ செய்ததை அம்மா சொன்னாள். சாக்கடைத் தண்ணீர் வந்து சேரும் பம்புக் கிணறு அடைத்துக்கொண்டதாம். காண்ட்ராக்டர் உள்ளே இறங்கச் சொன்னதும் அசோகன் என்கிற தொழிலாளி சட்டையைக் கழற்றிவிட்டானாம். நீ கிணற்று மூடியைப் போட்டு அதன் மேலேயே ஏறி நின்றுவிட்டாயாம். அடைப்பு எடுக்கும் லாரி வர இரண்டு நாள் ஆனதாம், அதுவரை சாக்கடை தெருவில் வழிய, ஊரே உன்னைத் திட்டியதாம். ஆளை இறங்கவிடாமல் தடுத்தாய் என்று இப்போது மெமோ வேறு கொடுத்திருக்கிறார்களாம்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே சின்னதாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதை ஓட்டும் இனாயத் பாயிடம் போய் நின்றேன். "இத்தினி வருஷம் உள்ள இறங்கிக்கினு இருந்துட்டு இப்ப இன்னா பாக்க வந்துகீற?" என்று சிரித்தார். கறுப்பாக வந்த தண்ணீர் ஒரு தொட்டியில் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டது. அடியிலிருந்து காற்று போகிறதாம், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் மூச்சுவிட்டு அழுக்கைத் தின்கின்றனவாம். ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு வைத்தார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழுப்பெல்லாம் அடியில் போய், மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. மோந்து பார்த்தேன், மழை பெய்த மண் வாசனை.

கரண்ட் போனால் அந்தக் கிருமிகள் எவ்வளவு நேரம் தாங்கும்? பாய்க்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஊரில் இப்படித் தெளிந்த தண்ணீர் வாழைத் தோப்புக்குப் போகிறதாமே, தோப்புக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாரா? எல்லாம் எழுது.

இன்னொன்றும் கேட்கணும். அதற்கு முன் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். என்னோடு சாக்கடை வேலை பார்த்த பிரபு மாமா நெஞ்சுவலியில் போனார் என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேன். அப்படியில்லை. நாங்கள் இருவரும் போன வேலையில், குழிக்குள் விஷவாயு அடித்துத்தான் செத்தான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மேல்முனை என் கையில் இருந்தது. வாசனை சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. இறங்காதேடா என்று சொல்ல வாய் வரவில்லை, காண்ட்ராக்டர் பக்கத்தில் நின்றான்.

உனக்கு எப்படிம்மா வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்காமல் மூடி மேல் ஏறி நிற்க எப்படித் தோன்றியது? ஏழு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மெமோவைக் கிழித்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. ஆதம்பாக்கத்தில் பிரபு பெண்சாதி தேவானை இருக்கிறாள். அவளுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். இத்தனை வருஷம் அவள் வாசலுக்கு நான் போனதில்லை. நீ கூட வந்தால் போவேன்.

நல்லா இரு தாயி.

உன் நைனா,
தங்கவேல்