நீ அனுப்பாமல் போன கால்வாய் செய்தி

என் கண்ணே பார்த்தி,

நம் நாட்டு ராக்கெட் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த வருஷம். டெல்லியில் ஆட்சி மாறின வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கிற கம்பெனி கேட்டை மூடின வருஷமும் அதுதான். அதே வருஷம் உன் பேப்பரும் நம் பக்கத்துச் செய்திகளுக்கென்று போட்டுவந்த இணைப்பை நிறுத்திவிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பியது. போன் கம்பெனிப் பிள்ளைகளைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. உன் வேலை போனதை யார் எழுதினார்கள்?

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் பெண்சாதி சுமதிதான் எழுதுகிறாள். நடுவில் நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். துடைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் நானும் சொல்கிறேன்.

வேலை போன மறுநாள் காலையில், வண்டியில் ஒட்டியிருந்த பிரஸ் ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாய். எதிர் வீட்டு ராணி பார்த்துவிட்டாள்.

"இன்னா பார்த்தி, வண்டிய விக்கப்போறியா?"

"இல்லக்கா. இனிமே ஒரு பேப்பர்லயும் இல்ல. எல்லாப் பேப்பருக்கும் எழுதப்போறேன்."

"அப்ப சம்பளம்?"

"செய்தி போட்டா குடுப்பாங்க."

"போடலன்னா?"

"சுமதி சோறு போடுவா."

சுமதி உள்ளேயிருந்து, "அது நீங்க எழுதறதப் பொறுத்து," என்றாள். தெருவே சிரித்தது.

ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ் நம் தெருமுனைக்கே வரும்போது உனக்கு எதற்கு இந்தப் பிழைப்பு என்று நானும்தான் கேட்டேன். செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டால் காட்ட உன்னிடம் ஒன்றுமில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, ஷிப்டு முடிந்து வரும் மதுரை, திருநெல்வேலிப் பையன்களிடம் பேசி எழுதினாய். செய்தி வரும், உன் பெயர் வராது. 'நமது நிருபர்' என்று போடுவார்களாம். பேப்பரை மடியில் வைத்து, எது உன்னுடையது என்று சுமதியைக் கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக்காட்டுவது உன் வழக்கம். நான் "யாரு?" என்று கேட்டால், அந்த ஆள் யாரென்று அங்கேயே எழுதிச் சேர்ப்பாய். நான் வெற்றிலைப் பெட்டியைத் தேடினால் அந்தப் பத்தியை அடித்துவிடுவாய். "நைனா கை பொட்டிக்குப் போனா பத்தி நீளமாப் பூடுச்சுன்னு அர்த்தம்," என்பாய்.

மறுவருஷம் ஆடியில் ஒருநாள், பழைய சோறு சாப்பிட்டபடி நீ படித்துக்காட்டியது கால்வாய் செய்தி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற கால்வாயைத் தூர்த்து, கம்பெனிப் பையன்களுக்கு வாடகை அறைகள் கட்டிவிட்டார்கள். பெருமழை வந்தால் தண்ணீர் அந்த அறைகளுக்குள்தான் போகும். இதுதான் செய்தி. கால்வாய் ஓடின இடத்தை நம் ஊர்க்காரர் மூன்று பேர் உன்னோடு நடந்து காட்டியிருந்தார்கள். இந்தத் தடவை உன் பெயரோடு போடுவதாகப் பேப்பரில் சொல்லியிருந்தார்கள். அன்று என் கை பெட்டிக்குப் போகவே இல்லை.

"தேறிடுச்சு நைனா," என்றாய். போகிற வழியில் ஒரு படம் எடுத்து, பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து அனுப்பிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய்.

கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரி. உன்னைக் கொண்டுவந்தார்கள். செய்தி எழுதின தாளை வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு போன பையை யாரும் கொண்டுவரவில்லை. மறுநாள் பேப்பரில், பைக்கில் சென்ற வாலிபர் பலி என்று நாலு வரி. வாலிபராம். அவர்களுக்காக அலைந்தவனை நிருபர் என்று ஒரு வார்த்தை போடக் கூடாதா?

கார்த்திகையில் மழை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து பட்டணம் மூழ்கின மழை. நீ எழுதினபடியே அந்த அறைகளில் இடுப்பளவு தண்ணீர். பையன்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நம் தெருவில் நின்றார்கள். சர்டிபிகேட்டெல்லாம் நனைந்துபோயிற்று என்று ஒருத்தன் குழந்தை மாதிரி அழுதான். நீ இருந்திருந்தால் முதலில் அவனைத் தேற்றியிருப்பாயா, படம் எடுத்திருப்பாயா?

மழை விட்டதும் சுமதியை உட்காரச் சொன்னேன். பை போனால் போகிறது, நீ படித்தது என் காதில் இருக்கிறது. நீ மூச்சு வாங்கின இடத்தில் நானும் நிறுத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். அவள் எழுதி அனுப்பினாள்.

பேப்பரிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"ஐயா, இது பார்த்திபன் எழுத்துதான், பார்த்தாலே தெரியுது. பேர் போட்டே போடலாம். ஆனா எழுதினவர் இல்லையே. இதுல பேசினவங்கள்ல ஒருத்தராவது, ஆமா, நான் சொன்னதுதான்னு சொல்லணும்."

"நான் சொல்றன் சார். எனக்கும் அந்தக் கால்வா தெரியும்."

"நீங்க அப்பா. சொந்தக்காரங்க சொல்றத எடுத்துக்க முடியாதுங்க."

நீயும் இதையேதான் சொல்லியிருப்பாய். ஒரு செய்தியிலும் என்னை நீ பேசவிட்டதில்லை.

கால்வாயைக் காட்டின மூன்று பேரில் துலுக்காணம் ஆவணியில் செத்துப்போனான். முருகம்மா மழைக்குப் பிறகு காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மிச்சம் இருப்பவன் ஏரி மடை திறந்துவிடும் வேலை பார்த்தவன். நம் நிலத்துக்கு முன்னால் இருந்த தன் நிலத்தை முதலில் புரோக்கருக்கு எழுதிக்கொடுத்தவன். அதோடு நமக்கு வழி போயிற்று, நாமும் விற்றோம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவன் பெயரைக்கூட நான் வாயால் சொன்னதில்லை. அவன் வீட்டில் நீ காபி குடித்துவிட்டு வந்தாய் என்று நான் கத்தினபோது, "அவரு உனக்குத்தான் பகையாளி நைனா. செய்திக்கு இல்ல," என்றாய். உன் சாவுக்கு வந்தவன், பேச்சு இல்லாத வீடு என்று தெருமுனையோடு நின்றுவிட்டுப் போனான்.

"நான் போய்க் கேக்கட்டுமா மாமா?" என்கிறாள் சுமதி. வேண்டாம் என்றுவிட்டேன். பேச்சை முறித்தது நான்.

கண்ணு, விடிந்ததும் அவன் வாசலில் போய் நிற்பேன். உட்காரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நிற்பேன். உன் பெயர் அச்சில் வருகிறவரைக்கும் அங்கிருந்து நகரமாட்டேன். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே, அதற்குத்தான் நாக்கு எழ மாட்டேன் என்கிறது. உனக்கு முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுகிறேன். சுமதி, எழுதும்மா: ஏகாம்பரம்.

உன் நைனா