தபால் பெட்டியில் ஒரு கம்பனி

2019 மார்ச் 4, திங்கள். ஊஸ்டர், சுவிஸ்.
மழையுமில்லை, பனியுமில்லை, இரண்டும் கலந்த ஒரு தூறல். சூரிச் காப்புறுதிக் கம்பனியின் மென்பொருள் சோதனை வேலை எனக்குத்தான். ஒன்பது மாதம். ட்ராமுக்குள்ளேயே துள்ளியிருப்பேன், பக்கத்தில் நாயோடு ஒரு அம்மா இருந்தபடியால் அடக்கிக்கொண்டேன்.

நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம். வேலை பிடித்துத் தந்த ஏஜென்சிக்காரர் கேட்டது: சொந்தமாக லிமிட்டெட் கம்பனி தொடங்கி வருகிறீர்களா, சம்பளம் போட்டுத் தரும் பேரோல் கம்பனி ஒன்றின் ஊழியராக வருகிறீர்களா? வெள்ளி மதியத்துக்குள் பதில்.

மார்ச் 5, செவ்வாய்.
பேரோல்: கடதாசி வேலை முழுக்க அவர்கள் பாடு. சம்பளச் சிட்டை, ஓய்வூதியம், காப்புறுதி. வரும் திங்களே தொடங்கலாம். வேலை போனால் அரசு உதவிப்பணம் உண்டு.
சொந்தம்: எல்லாம் என் தலையில். வங்கி, கையெழுத்தை உறுதிப்படுத்தும் நொத்தாரிசு, பதிவு. ஏப்ரல் வரை இழுக்கும். விழுந்தால் உதவிப்பணம் லேசில் கிடையாது. ஆனால் அடுத்த வேலையை நானே பிடிக்கலாம். ஆள்கூட வைக்கலாம்.
(கடையில் வாங்க: பிள்ளைகளின் சப்பாத்து. தயிர்.)

கணவர் குகன் சோற்றைப் பிசைந்தபடி, "பேரோல்தான் சேஃப், யாழினி. எனக்கு ஆஸ்பத்திரிக் குசினியில அரை நாள் வேலை. நீர் விழுந்தா ஆர் தாங்கிறது?"
மனுசன் சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

மார்ச் 7, வியாழன்.
பேரோல் கம்பனியின் மாதிரி ஒப்பந்தம் வந்தது. 'திருமதி தம்பிராசா' என்று தொடங்குகிறது. தம்பிராசா குகனின் அப்பா. நான் பிறக்க முன்னமே செத்துப்போனவர். குகனின் அகதிக் கடதாசியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள், கலியாணத்தோடு எனக்கும் ஒட்டிவிட்டது. பதினாலு வருடமாக எல்லாக் கந்தோர்க் கடதாசியிலும் நான் தம்பிராசா. நல்ல மனிதராம். இருந்தாலும்.
கம்பனிக்கு விரும்பிய பெயர் வைக்கலாமாம். 'யாழினி டெஸ்டிங்' என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். தாள் நிரம்பிவிட்டது.

மார்ச் 8, வெள்ளி.
11.40. ஏஜென்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். சொந்தக் கம்பனி. ஏப்ரல் முதலாம் திகதி தொடங்க வேண்டும், பிந்தினால் வேறு ஆள் என்றார். போனை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். சந்தோசத்தில்தான், பாதியாவது.
குகன்: "நீர் ஆரும் சொல்லிக் கேக்கிற ஆளோ?" பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

மார்ச் 12, செவ்வாய்.
மூலதனம் வங்கியில் போட்டாயிற்று. பணம் போட்டதற்கான உறுதிக் கடிதம் கம்பனி பெயருக்குத் தபாலில் வரும். அடுத்த செவ்வாய் அதோடு நொத்தாரிசிடம் போக வேண்டும்.
பெட்டியில் இல்லாத பெயருக்கு இங்கே தபால் போடமாட்டார்கள், ஆகவே தபால் பெட்டியில் கம்பனி பெயர் வேண்டும். எங்கள் கட்டடத்துக்குப் பொறுப்பான ஹவுஸ்வார்ட் யார்? குகன்.
"பெயர் பொறிச்ச தகடுதான் போடலாம். ஓடர் குடுத்திட்டன். பத்து நாள்."
"ஒரு கடதாசி ஒட்டுங்கோவன்."
"மூண்டாம் மாடிக்காரி ஒட்டின கடதாசியை நான்தானே கிழிச்சனான். இப்ப என்ரை வீட்டுக்கு ஒட்டுறதோ?"
சட்டம் கதைக்கிற மனுசனைக் கட்டினால் இப்படித்தான்.

மார்ச் 18, திங்கள்.
நல்ல வெயில். கடிதம் இல்லை. வங்கிக்குப் போன் அடித்தேன். இந்த விலாசத்தில் அப்படி ஒரு பெயர் இல்லையென்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம். நாளை ஒன்பது மணிக்கு நொத்தாரிசு. தவறினால் ஏப்ரல் முதலாம் திகதி போச்சு, வேலையும் போச்சு. குகன்மேல் கத்தினேன்.
ஐந்து மணிக்குள் நேரில் வந்தால் வேறொரு கடிதம் தரலாம் என்றாள் வங்கிப் பெண். ரயில், ஓட்டம். 4.50க்குக் கடிதம் கையில்.

திரும்பி வர, வாசலில் குகன். பெட்டியில் கடதாசி, மகளின் மார்க்கரில் 'யாழினி டெஸ்டிங்', கோணலாக. மூன்றாம் மாடிக்காரி பின்னால் நின்று, கடதாசி ஒட்டலாமோ என்று ஜெர்மனில் கேட்டாள். குகன் டேப்பை அவளிடம் நீட்டினார்.

மார்ச் 19, செவ்வாய்.
9.35. கையெழுத்து வைத்தாயிற்று. படியிலேயே நின்று குகனுக்குப் போன் அடித்தேன்.
"வணக்கம், யாழினி டெஸ்டிங்," என்றேன்.
குகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களோ, மேடம்?"