சூட்டில் திறக்கவேண்டாம்

இராசமலர்,

எழுப்பினால் போக விடமாட்டீர். எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் திரியாய் ஊர்ப் பொடியனை என் தமக்கை மகன் என்று ஆமிக்குச் சொன்னதற்காக என்னை முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். “உங்களுக்கேன் ஊர் வில்லங்கம்?” என்று இரவு ஏசினீர். பொய்தான். கோயிலில் கோணேசருக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுவேன்.

சைக்கிளில் போகிறேன். பின்னேரத்துக்குள் வராவிட்டால் காரில் உப்புவெளிக்கு, உமது தங்கச்சி வீட்டுக்குப் போம். அவ்வளவு தூரத்துக்கு நீர் ஓட்டிப் பழகியது காணும். ஸ்ரார்ட் பண்ண முதல், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேற்றர் பக்கத்துப் பிளாஸ்ரிக் போத்தலைப் பாரும். தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் போத்தலுக்குள் விடும். சூட்டில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வழியில் ஆமிச் சென்றியில் காரைச் சோதிக்கிறவன் மூடியில் கைவைத்தால் “ரஸ்னே” என்று சொல்லும். சிங்களத்தில் சூடு என்று அர்த்தம். அவனுடைய கையும் வேகக்கூடாது.

பி.கு: பொடியனை விட்டுவிட்டுப் போகவேண்டாம். ஆரென்று கேட்டால், நீரும் மருமகன் என்றே சொல்லும்.