பக்கத்து சீட் பிரேக்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் திட்டுவாய், அதனால் கேட்கவில்லை. உன் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த துண்டின் ஸ்லைடு கூரியரில் வந்து சேர்ந்தது. பார்த்தேன். விவரம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

மாடியில் உனக்கு ஓர் அறை ஒழித்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். கட்டில் உயரமாக இருந்தது, தச்சரைக் கூப்பிட்டுக் காலை அறுக்கச் சொன்னேன். டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு இங்கே வந்துவிடு. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தது போதும். இனி என்னோடு இரு.

உன் வாலு

மார்ச் 11

அருமை வாலுக்கு,

கட்டில் காலை அறுத்ததற்கு ஒரு பத்தி. ஸ்லைடுக்கு "பார்த்தேன்" என்று ஒற்றைச் சொல். லேபில் உட்கார்ந்து உலகத்தார் கட்டியையெல்லாம் பார்த்துத் தலையெழுத்துச் சொல்கிறவள் நீ. சொந்த அக்கா கட்டியைப் பார்த்ததும் தச்சர் கதை சொல்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

ஸ்கூலை மூடுவதாக இல்லை. என்னிடம் ஓட்டக் கற்கும் பல் டாக்டர் அம்மா நாலாவது டெஸ்டிலும் ரிவர்ஸில் கம்பத்தைத் தட்டிவிட்டார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், பின்னால் பார்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் பாஸ் ஆகாமல் நான் எங்கேயும் நகர்வதில்லை.

இங்கே எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பெண் வலிக்கு மாத்திரை மட்டும் எழுதுகிறாள். "வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். நீயாவது மறைக்காமல் எழுது. அழுதுகொண்டே எழுதினாலும் சரி, எழுத்து புரிந்தால் போதும்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

சரி, கேள். கட்டிக்குள் நம் உடம்பின் காவல் அணுக்கள் எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்று நாங்கள் பார்ப்போம். சின்னச் சின்ன நீலப் புள்ளிகளாகத் தெரியும். உள்ளே கூட்டமாக இருந்தால் உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் கூடுதல் காலம் இருக்கிறார்கள். உன் ஸ்லைடில் அவை கட்டியின் விளிம்பிலேயே தயங்கி நிற்கின்றன. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருக்கின்றன. அவற்றாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, கட்டி அவற்றைப் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறது. உன் பாஷையில் சொன்னால், ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிற உன் காலடியில் இருக்குமே, அந்தப் பக்கத்து சீட் பிரேக்.

அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்து ஒன்று உண்டு. உள்ளே கூட்டம் இருப்பவர்களுக்கு அது நன்றாகக் கேட்கும். உன்னைப் போன்றவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. சிலருக்கு அந்த அணுக்கள் சொந்த உடம்பையே தாக்கவும் ஆரம்பித்துவிடும். கடைசியில் அப்பாவை ஊசியும் குழாயுமாகப் பார்த்தோமே, மறந்துவிட்டாயா?

அதனால் உன் டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். "அந்த மருந்தைப் பத்தி அக்காகிட்ட பேச வேண்டாம்மா, தாங்கமாட்டாங்க" என்று சொன்னேன். என்னிடம் படித்தவள், என் பேச்சைத் தட்டவில்லை. பாசத்தில் செய்ததுதான், அக்கா. வந்துவிடு.

வாலு

மார்ச் 26

வாலு,

யாரைக் கேட்டுச் செய்தாய்? என் உடம்பு, என் கட்டி, என் காவல்காரர்கள். நடுவில் நீ யார் நாட்டாமை?

நீ என்னிடம் ஓட்டப் பழகியது நினைவிருக்கிறதா? நாலு ரோடு கூடும் இடத்தில், லாரிக்குப் பயந்து என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டேன். நடுரோட்டில் கதவைத் திறந்து இறங்கினாய். "உன் கால் அங்க இருக்கிற வரைக்கும் நான் எப்படிக் கத்துக்கிறது? நீயே ஓட்டிக்கோ!" என்று கத்தினாய். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. மறுநாள் என் காலை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு வேர்த்து ஊற்றியது. நீ ஜம்மென்று ஓட்டினாய். இன்றைக்கும் யாரை டெஸ்டுக்கு அனுப்புவதானாலும், அதற்கு முன் ஒரு நாள் என் காலை மடக்கிவிடுவேன். பயமில்லாமல் இல்லை. அப்படி விட்டால்தான் ஓட்டுவார்கள்.

இப்போது கட்டி ஒரு பக்கம் மிதிக்கிறது, நீ ஒரு பக்கம் மிதிக்கிறாய். மூலையில் நுழைந்த அந்த நாலு பேர் என்னதான் செய்வார்கள், பாவம்! எல்லாரும் வாசலில் நின்றபோது துணிந்து உள்ளே போனவர்கள். அவர்களைக் கைவிட எனக்கு மனமில்லை.

வாய்ப்புக் குறைவு என்றாய். இல்லை என்று நீயும் எழுதவில்லை. டாக்டர் பெண்ணிடம் போய், "என் தங்கச்சி சொன்னதை விடும்மா, பேஷன்ட் நான்தான்" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாயிற்று. திங்கட்கிழமை அந்த மருந்தின் முதல் டிரிப் ஏற்றுகிறார்கள். தாங்குவேனா மாட்டேனா என்று நானே தாங்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

உன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது என்றால், இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

எடுத்துவிட்டேன். டாக்டருக்கு போன் செய்து, இனி உன்னிடம் மட்டும் பேசும்படி சொன்னேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். உன்னிடம் நேரில் கேட்கிறேன்.

ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தேன், அந்த மூலையை மட்டும். நிறைய இல்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இருக்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, ரொம்பப் பயமாக இருக்கிறது.

லீவு போட்டிருக்கிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு இல்லை. இரண்டாவது டிரிப்புக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து வரட்டுமா?

வாலு

ஏப்ரல் 11

அருமை வாலுக்கு,

வா. முதல் டிரிப் முடிந்து உடம்பெல்லாம் அரிக்கிறது. டாக்டர் பெண்ணிடம் சொல்லிக் களிம்பு வாங்கிவிட்டேன். உள்ளே யாரோ எழுந்து சண்டைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சொறிந்துகொள்கிறேன். அரிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்கிறாள் அவள். சொல்லட்டும். கட்டி சுருங்குமா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதுவரை அதற்கு நான் மரியாதை கொடுப்பதாக இல்லை.

பல் டாக்டர் அம்மா ஐந்தாவது தடவையும் ஃபெயில். நல்லதாய்ப் போயிற்று, அவருக்காகவாவது நான் இருந்தாக வேண்டும். நீ வரும் வாரம் அவருக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டுவேன். உன் காலைப் பற்றி எனக்குத் தெரியும், சொல்பேச்சுக் கேட்காது. மெக்கானிக்கை வரவழைத்து, பக்கத்து சீட் பிரேக்கைக் கழற்றி டிக்கியில் போட்டாயிற்று. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள். கியர் மாற்றும்போது மட்டும் விட்டுவிடு.

உன் அக்கா