ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஒரு கையெழுத்து

கிரிம்ஸ்பி
ஜூன் 25, 2012

அன்புள்ள ராய்,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். சிறையில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? டெஸ்ஸுக்கு முன்பல் விழுந்துவிட்டது. லியம் ஓயாமல் பேசுகிறான்.

டாக்ஸ் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையைப் புதுப்பிக்கும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உதவித்தொகை நம் இருவர் பெயரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை 31க்குள் போய்ச் சேராவிட்டால் நின்றுவிடும். அதை வைத்துத்தான் லியமைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறேன். அவனை விட்டால்தான் மீன் ஆலைக்குப் போக முடியும். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்திட்டு உடனே அனுப்பு.

உன் கெய்னர்

ஜூலை 5

என் கெய்னருக்கு,

படிவம் வந்தது. என் அறையில் இருக்கும் டெனிஸ் கேலி செய்தான்: "பொண்டாட்டி காதல் கடுதாசி போட்டிருக்கான்னு பார்த்தா, ஃபாரத்தையில்ல அனுப்பியிருக்கா!" நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச்சுக்குப் பிறகு நீ வரவே இல்லை. ஒருமுறை வா. உன் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ராய்

கிரிம்ஸ்பி
ஜூலை 12

ராய்,

இரண்டு ரயில், ஒரு பஸ். சனிக்கிழமை விடுப்புக் கேட்டதற்கு மேற்பார்வைக்காரி, "அப்படியே திங்கக்கிழமையும் வராதம்மா" என்கிறாள்.

அது மட்டும் காரணம் இல்லை. போன தடவை அத்தனை பேர் நடுவில், "யாரு கூடடி சுத்துற?" என்று கத்தினாய். டெஸ் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

படிவத்தை அனுப்பிவிடு. வேறெதுவும் கேட்கவில்லை.

கெய்னர்

ஜூலை 20

கெய்னர்,

கத்தியது தப்புதான். ஆனால் இதை அனுப்பிவிட்டால் அப்புறம் எனக்கு எழுதுவாயா? 28ஆம் தேதி பார்வை நேரத்துக்கு உங்கள் மூவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். சவரம் செய்துகொண்டு காத்திருப்பேன். வந்துவிடு.

ராய்

கிரிம்ஸ்பி
ஆகஸ்ட் 1

ராய்,

நான் வரவில்லை. நேற்று கடைசி நாள், படிவம் வராததால் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"வீட்டு நிலவரம் ஏதும் மாறியிருக்குங்களா? ரெண்டு பேரும் சேர்ந்துதானே இருக்கீங்க?"

"அவர் ஜெயில்ல இருக்காருங்க."

"திரும்பி வந்து ஒண்ணா இருக்கப் போறீங்கன்னா, சேர்ந்து இருக்கிறதாத்தான் அர்த்தம்."

"இல்லீங்க, நாங்க சேர்ந்து இல்ல" என்றேன்.

"என்னிக்கிலேருந்து?"

மார்ச் பத்து என்றேன், டெஸ் மேசைக்கு அடியில் ஒளிந்த அன்று.

நம் இருவர் பெயரில் இருந்ததை மூடிவிட்டார்கள். என் பெயரில் புதிதாக விண்ணப்பித்தால் வாரக்கணக்கில் ஆகுமாம். வெள்ளிக்கிழமைக்கு மேல் லியமை வைத்துக்கொள்ள முடியாது என்று காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றோடு எனக்கும் வேலை இல்லை.

இன்று காலை உன் உறை வந்தது. 28ஆம் தேதி சனிக்கிழமையே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மறுபடி கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை, ராய். கேட்கும்வரை எனக்கே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

டெஸ் எழுத ஆசைப்பட்டால் எழுதட்டும். நான் எழுத மாட்டேன்.

கெய்னர்